உயர்நிலை வகுப்புகளில் செயல்வழிக் கணிதம்

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான கணிதத்தை, மாணவர்கள் அளந்தும் மடித்தும் வரைந்தும் வாதிட்டும் தாங்களே கண்டறியும்படி நடத்தும் முறைகளுக்குப் பொதுப்பெயர் செயல்வழிக் கணிதம். தொடக்கப் பள்ளியில் இது பழகிப்போன ஒன்று. புளியங்கொட்டை, தீக்குச்சி, மணிச்சட்டம் என்று கையில் எதையாவது வைத்துக்கொண்டுதான் குழந்தை எண்ணப் படிக்கிறது. உயர்நிலைக்கு வந்ததும் அவையெல்லாம் அலமாரிக்குப் போய்விடுகின்றன. சூத்திரம், எடுத்துக்காட்டுக் கணக்கு, பயிற்சிக் கணக்கு, தேர்வு என்ற ஒரே தடத்தில் வகுப்பு ஓடத் தொடங்குகிறது. எண்கள் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்து உட்காரும் அந்த வயதில்தான், பல பிள்ளைகள் தங்களுக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

வண்ண அட்டையும் தெர்மோகோலும் கண்காட்சி மேசையும் இருந்தால் செயல்வழிக் கணிதம் நடந்துவிட்டதாக ஓர் எண்ணம் பள்ளிகளில் பரவலாக உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் டெபரா பால் 1992-இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஒரு பொருளுக்குள் ஆசிரியர் காணும் கணிதம், அதே பொருளைக் கையில் வைத்திருக்கும் மாணவருக்குத் தானாகத் தெரிந்துவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். கையில் இருப்பது எதுவானாலும், 'இது ஏன் இப்படி வருகிறது?' என்ற கேள்வி மாணவரிடம் எழ வேண்டும். அதற்குக் காரணத்தையும் அவர் தேடிச் சொல்ல வேண்டும். அதுவரை போகாத செயல்பாடு கைவேலை வகுப்பாகவே நின்றுவிடும்.

முன்னோடிகள்

இந்த மரபில் தமிழகத்துக்குப் பெருமையான ஓர் இடம் இருக்கிறது. த. சுந்தர ராவ் எழுதிய, காகித மடிப்பால் வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூல் 1893-இல் சென்னையில் வெளியானது. அளவுகோலும் கவராயமும் இல்லாமல், வெறும் காகிதச் சதுரத்தை மடித்தே ஒழுங்குப் பலகோணங்களிலிருந்து கூம்பு வெட்டுகள் வரை அவர் அதில் கொண்டுபோனார். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலொன்றில் அதைக் குறிப்பிட்டார். அந்தக் குறிப்பின் வழியே நூலை அறிந்த அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் ஸ்மித்தும் அதைத் திருத்திப் பதிப்பிக்க, 1901-இல் சிகாகோவிலிருந்து அது உலகம் முழுவதும் போனது.

ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போயா 1945-இல் வெளியிட்ட புத்தகம், ஒரு கணக்கைத் தீர்ப்பதை நான்கு படிகளாகப் பிரித்தது: கணக்கைப் புரிந்துகொள்வது, வழி வகுப்பது, அதன்படி செய்வது, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது. நம் வகுப்புகளில் முதலில் காணாமல் போவது நான்காவது படிதான். விடை வந்தவுடன் அடுத்த கணக்குக்குத் தாவிவிடுகிறோம். நெதர்லாந்தில் ஹான்ஸ் ஃப்ராய்டந்தால், கணிதம் என்பது மனிதர் செய்யும் ஒரு செயல், முடிந்துபோன பண்டமாக அதைக் கையில் கொடுக்கக் கூடாது என்று வாதிட்டு, அந்நாட்டுப் பாடத்திட்டத்தின் போக்கையே மாற்றினார்.

சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் இவ்வரிசையில் தவறாமல் சேர்க்கப்பட வேண்டியவர். இராமானுஜனின் கடிதங்களையும், அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் திரட்டி 1968-இல் நினைவு மலர்களாகக் கொண்டுவந்தவர் என்றே பலரும் அவரை அறிவார்கள். இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அவர் முயற்சியால் உருவானவை. செலவே இல்லாத பொருள்களிலிருந்து கணிதம் எடுப்பதில் அவர் தேர்ந்தவர். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியை வைத்தே அவர் ஒரு சிறு நூல் எழுதினார்.

நாள்காட்டி என்ன தரும் என்று கேட்கலாம். ஒரு மாதத் தாளில் இரண்டுக்கு இரண்டாக நான்கு தேதிகளைச் சதுரமாக வளைத்து, மூலைக்கு மூலை பெருக்கச் சொல்ல வேண்டும். 9, 10, 16, 17 என்றால் ஒரு பெருக்கம் 153, மற்றது 160. வேறொரு சதுரம் எடுத்த பிள்ளைக்கும் வித்தியாசம் 7 தான். எல்லாருக்கும் 7 வந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். இயற்கணிதத்தை உள்ளே விட வேண்டிய நேரம் அதுவே. முதல் தேதியை 'அ' என்று வைத்தால், மற்றவை அ+1, அ+7, அ+8. முதல் பெருக்கம் அ²+8அ, இரண்டாவது அ²+8அ+7. வித்தியாசம் ஏன் 7 என்பது ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. வாரத்துக்குப் பத்து நாள் இருந்தால் வித்தியாசம் என்னவாகும் என்று அடுத்துக் கேட்டால், எழுத்து எதற்காக வந்தது என்பதும் விளங்கும்.

புள்ளிக் கோலத்தில் யூக்ளிட்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கணமாக்கி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அந்த உயரத்துக்குப் போகாமலேயே, பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் வழிமுறையைக் கோலத்தால் நடத்தலாம்.

நேர்ப்புள்ளிகளாக வரிசைக்கு மூன்று வீதம் இரண்டு வரிசை வைக்க வேண்டும். இழை 45 பாகைச் சாய்வில் புள்ளிகளைச் சுற்றிப் போகும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இழைகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும். விளிம்புக்கு வந்ததும் வளைந்து உள்ளே திரும்பும். இரண்டுக்கு மூன்று கோலம் கை எடுக்காமல் ஒரே இழையில் முடிந்துவிடும். இரண்டுக்கு இரண்டில் இரண்டு தனி இழைகள் வேண்டும். மூன்றுக்கு மூன்றில் மூன்று. மூன்றுக்கு நான்கில் ஒன்று, மூன்றுக்கு ஆறில் மூன்று. குழுவுக்கு ஓர் அளவு கொடுத்து வரையச் சொல்லி, விடைகளைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுத வேண்டும்.

ஒன்றில்லாவிட்டால் சிறிய எண்ணே விடை என்ற ஊகம் பெரும்பாலும் முதலில் வரும். நான்குக்கு ஆறு வரைந்து பார்த்தால் இரண்டு இழை கிடைத்து அந்த ஊகம் உடையும். இன்னும் சிலவற்றை வரைந்தபின், இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியே இழைகளின் எண்ணிக்கை என்பது பிடிபடும்.

பல ஆசிரியர்கள் இங்கேயே நிறுத்திக் கைதட்டச் சொல்லிவிடுவார்கள். அது பெரிய இழப்பு, ஏனென்றால் காரணம் விதியைவிட அழகானது. நான்குக்கு ஆறு கோலத்தின் ஓரத்தில் நான்குக்கு நான்கு சதுரம் ஒன்றைப் பென்சிலால் பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சதுரத்துக்குள் நுழையும் ஓர் இழையைப் பின்தொடர்ந்தால், அது உள்ளே சுற்றிவிட்டு, நுழைந்த அதே புள்ளிக்கு வந்து, விளிம்பில் மோதித் திரும்பியதுபோல வெளியேறுவதைக் காணலாம். எந்த இழைக்கும் அப்படித்தான். ஆகவே அந்தச் சதுரத்தை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தை விளிம்பாக்கினாலும் இழைகளின் எண்ணிக்கை மாறாது. நான்குக்கு ஆறு இப்போது நான்குக்கு இரண்டாகிறது. இன்னொரு சதுரத்தை வெட்டினால் இரண்டுக்கு இரண்டு. அதில் இழை இரண்டு. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகும் யூக்ளிடின் வழிமுறை கோலத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வழிமுறையை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும் இத்தகைய பாடவேளைக்கு எத்தனை பயிற்சிக் கணக்குகளும் ஈடாகா.

ஊகம் உடையும் இடம்

வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நாணால் இணைத்தால் வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரியும்? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறாவதற்கு 32 என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். வரைந்து எண்ணினால் 31. மறுபடி எண்ணினாலும் 31. புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தவர்களுக்கு நடுவில் மூன்று நாண்கள் ஒரே இடத்தில் சந்திப்பதால் 30 தான் கிடைக்கும். அந்தச் சச்சரவும் நல்லதே. ஐந்து முறை சரியாக வந்த ஒழுங்கு ஆறாவது முறை தவறலாம் என்பதை ஒருமுறை இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை, தேற்றத்துக்கு நிரூபணம் எதற்கு என்று கேட்காது. அ²+அ+41 என்ற ஆய்லரின் கோவையும் இதற்கு உதவும். 0 முதல் 39 வரை எந்த எண்ணை இட்டாலும் பகா எண்ணைத் தரும் அது, 40-இல் 1681 ஆகி, 41-இன் வர்க்கமாக நின்றுவிடுகிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்வான் உருவாக்கிய பாட அமைப்புகளிலும் இந்த உத்தி உண்டு. கூற்று எழுதிய அட்டைகளைக் குழுக்களிடம் கொடுத்து, எப்போதும் சரி, சில நேரம் சரி, ஒருபோதும் சரியில்லை என்று மூன்று வரிசையாகப் பிரிக்கச் சொல்வார்கள். 'சுற்றளவு கூடினால் பரப்பும் கூடும்', 'இரண்டு விகிதமுறா எண்களின் கூட்டல் விகிதமுறா எண்ணே' போன்ற கூற்றுகள் நல்ல சண்டையை மூட்டும். ஓர் அட்டையை 'எப்போதும்' வரிசையிலிருந்து நீக்க ஓர் எதிர்க்காட்டு போதும் என்பதையும், 'எப்போதும்' என்று சொல்ல எத்தனை எடுத்துக்காட்டும் போதாது என்பதையும் மாணவர்கள் அந்தச் சண்டையிலேயே கற்கிறார்கள்.

அளத்தலும் பிழையும்

முக்கோணவியலில் கோபுரமும் கலங்கரை விளக்கமும் புத்தகத்துக்குள்ளேயே நிற்கின்றன. கோணங்கள் பெரும்பாலும் 30, 45, 60 பாகையைத் தாண்டுவதில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டி, நடுவில் நூல் கட்டி ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டால் சாய்வுமானி தயார். பள்ளிக் கொடிக்கம்பத்திலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்று குழல் வழியே உச்சியைப் பார்த்து, நூல் காட்டும் கோணத்திலிருந்து ஏற்றக்கோணத்தைக் கணக்கிட வேண்டும். 40 பாகை என்றால், பார்ப்பவரின் கண் உயரம் 1.5 மீட்டரையும் சேர்த்து, உயரம் ஏறத்தாழ 11.6 மீட்டர். அடுத்த குழு 42 பாகை என்று படித்திருந்தால் 12.3 மீட்டர் வரும். இரண்டு பாகைப் பிழை முக்கால் மீட்டர் உயரத்தை மாற்றிவிடுகிறது. எந்தக் குழு சொல்வது சரி, எல்லாருடைய அளவையும் சேர்த்துச் சராசரி எடுக்கலாமா, இன்னும் தள்ளி நின்றால் பிழை கூடுமா குறையுமா என்ற கேள்விகள் புத்தகக் கணக்கில் ஒருபோதும் எழாதவை. கண் உயரத்தைச் சேர்க்க மறந்த குழு, கொடிக்கம்பத்தை எங்கே வெட்டிவிட்டது என்பதைப் படம் வரைந்து பார்த்துத் தானே கண்டுபிடிக்கும்.

பெட்டி செய்யும் செயல்பாடும் இதே வகை. 20 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் சம சதுரங்களை வெட்டி மடித்தால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். வெட்டும் சதுரத்தின் பக்கம் 1 செ.மீ. என்றால் கனஅளவு 324, 2 என்றால் 512, 3 என்றால் 588, 4 என்றால் 576, 5 என்றால் 500 கன செ.மீ. ஏறி இறங்கும் இந்த எண்களை வரைபடத் தாளில் குறித்தால், உச்சம் 3-க்கும் 4-க்கும் இடையில் எங்கோ இருப்பது தெரியும். மணல் நிரப்பியும் சரிபார்க்கலாம். அந்த உச்சம் மூன்றேகால் செ.மீ.க்குச் சற்று மேலே, சரியாக 10/3-இல் இருக்கிறது என்பதை மேல்நிலை வகுப்பில் நுண்கணிதம் சொல்லும்போது, பத்தாம் வகுப்பில் பெட்டி செய்தவர்களுக்கு அது பழைய சிநேகிதமாக இருக்கும்.

நிகழ்தகவுக்கு இரண்டு பகடை போதும். 2 முதல் 12 வரை எண்ணிட்ட பதினொரு குதிரைகளைப் பலகையில் வரைந்து, பகடைகளின் கூட்டல் எந்த எண்ணோ அந்தக் குதிரையை ஒரு கட்டம் நகர்த்த வேண்டும். 7-ஆம் குதிரை ஏன் முந்துகிறது என்பதற்கு 36 வாய்ப்புகளில் 6 அதற்கு உரியவை என்ற விடையைப் பிள்ளைகளே அட்டவணை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். பிறந்தநாள் கணக்கும் வியப்பூட்டும். 23 பேர் கூடிய இடத்தில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 40 பேர் உள்ள வகுப்பில் 89 விழுக்காடு. நம் ஊரில் இதைச் செய்யும்போது ஒரு கவனம் தேவை. பள்ளியில் சேர்க்கும் வயதுக்குப் பொருந்தப் பதிந்த மே, ஜூன் தேதிகள் முந்திய தலைமுறையின் சான்றிதழ்களில் ஏராளம். பெற்றோர்களின் தேதிகளை எடுத்துவரச் சொன்னால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். எல்லா நாளும் சமவாய்ப்புள்ளது என்ற அனுமானத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல எடுத்துக்காட்டும் கிடைக்காது.

ஒரு பாடவேளை, ஒரு கணக்கு

செயல்பாட்டைத் தேர்வதைவிட அதை நடத்துவது கடினம். இதில் ஜப்பானிய ஆசிரியர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. 1990-களின் நடுவில் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களைப் படம்பிடித்து ஒப்பிட்டார்கள். அதை வைத்து ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய நூல் பரவலாகப் பேசப்பட்டது.

பதிவான ஜப்பானிய வகுப்பு ஒன்றில் வந்த கணக்கு இது: இருவர் நிலத்துக்கு நடுவே வரப்பு முறிந்து வளைந்து கிடக்கிறது. யாருடைய பரப்பும் குறையாமல் அதை நேராக்க வேண்டும். ஒரே அடிப்பக்கத்தில், ஒரே இணைகோடுகளுக்கு இடையே உள்ள முக்கோணங்கள் சம பரப்புள்ளவை என்பதை முந்திய வகுப்பில் படித்திருக்கிறார்கள். ஆசிரியர் வழியைச் சொல்வதில்லை. முதலில் ஒவ்வொருவரும் தனியாகச் சில நிமிடம் முயல்கிறார்கள், பிறகு கூடிப் பேசுகிறார்கள். ஆசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடந்து, யார் எந்த வழியில் போகிறார் என்று பார்த்துக்கொள்கிறார். வரப்பின் இரு முனைகளையும் இணைத்து, வளைவின் வழியாக அதற்கு இணைகோடு வரைந்தால் வழி திறக்கும் என்பதை மாணவர்களே பலகையில் வந்து விளக்குகிறார்கள். ஜப்பானில் பலகையில் எழுதியதைப் பாடம் முடியும்வரை அழிக்காமல் வைக்கும் வழக்கமும் உண்டு; தொடக்கத்திலிருந்து முடிவுவரை வந்த பாதை கண்முன் இருக்கும். இப்படி ஒரு பாடத்தைப் பல ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு கூடித் திருத்துவது அங்கே நெடுங்கால வழக்கம்.

கனடாவின் பீட்டர் லிலியெடால் 2020-இல் வெளியிட்ட நூல், மூன்று பேர் கொண்ட குழுக்களைச் சீட்டுக் குலுக்கி அமைத்து, சுவர்ப் பலகைகளில் நின்றபடியே கணக்குப் போடவைக்கும் முறையைப் பரப்பியது. எழுதியதை உடனே அழிக்க முடிவதால் தவறு செய்யும் பயம் குறைகிறது, அடுத்த குழுவின் வேலையும் கண்ணில் படுகிறது. செயல்வழிக் கற்றல் பரவிய காலத்தில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் சுவர்களில் குழந்தைகள் எழுதும் உயரத்துக்குக் கரும்பலகைகள் அமைத்தார்கள். அவற்றை உயர்நிலை வகுப்புகளின் சுவர்களிலும் அமைக்கப் பெரிய செலவு ஆகாது.

ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் உருவாக்கிய ஜியோஜீப்ரா இலவச மென்பொருள் கைப்பேசியிலும் இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'இணையச் செயல்பாடு' பக்கங்கள் அதையே பயன்படுத்துகின்றன. முக்கோணத்தின் ஒரு முனையை இழுக்க இழுக்க, நடுக்கோட்டு மையமும் செங்கோட்டு மையமும் சுற்றுவட்ட மையமும் ஒரே கோட்டில் நகர்வதைப் பார்ப்பது நல்ல அனுபவம். ஆனால் திரையில் தெரிவது நிரூபணம் ஆகாது. பார்த்ததை முடிவாகக் கொண்டால் வட்டத்தில் 32 என்று கத்திய அதே இடத்துக்கு வகுப்பு திரும்பிவிடும்.

எதிர்வாதங்கள்

இம்முறைக்கு எதிரான வாதங்களில் வலுவானது, கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரை. புதிதாகக் கற்பவரை வழிகாட்டுதல் இல்லாமல் விட்டால் அவருடைய நினைவாற்றல் சுமை தாங்காது, தெளிவாக விளக்கிச் செய்துகாட்டிய எடுத்துக்காட்டுகளே அவருக்கு உதவும் என்றது அது. இதில் உண்மை இருக்கிறது. குறியெண்களைக் கூட்டத் தடுமாறும் மாணவரிடம் இயற்கணித அட்டைகளைக் கொடுத்துக் காரணிப்படுத்தச் சொன்னால் குழப்பமே மிஞ்சும். ஜப்பானிய வரப்புக் கணக்கு வெற்றி பெற்றதற்கும் முந்திய நாள் பாடமே காரணம். அடிப்படைத் திறன்களை நேராகச் சொல்லித்தர வேண்டும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தேட இடமும் தர வேண்டும். ஒன்றுக்காக மற்றதைக் கைவிடத் தேவையில்லை.

நடைமுறைத் தடைகள் வேறு. நாற்பது பேருக்கு மேல் உள்ள வகுப்பு, நாற்பது நிமிடப் பாடவேளை, ஆண்டு முடிவில் பொதுத்தேர்வு. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண்ணுக்கு வருகின்றன. கையால் செய்ய வேண்டிய அந்தப் பகுதிகளைக்கூட, வரைமுறைப் படிகளை மனப்பாடம் செய்து எழுதும் வழக்கம் பல இடங்களில் ஊறிவிட்டது. தேசியக் கலைத்திட்டம் 2005-க்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, கணிதக் கல்வியின் நோக்கம் பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே என்றும், பயமும் தோல்வி உணர்வும் வகுப்பைச் சூழ்ந்திருக்கின்றன என்றும் தெளிவாகச் சொன்னது. அந்த அறிக்கையை ஆசிரியர் பயிற்சிகளில் மேற்கோள் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம்.

தலைமை ஆசிரியர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. ஒவ்வொரு கணித அலகுக்கும் தொடர்ச்சியாக இரண்டு பாடவேளைகளைச் செயல்பாட்டுக்கென ஒதுக்கிக் கொடுக்கலாம். அதற்குத் தனிப் பதிவேடும் புகைப்படமும் கேட்காமல் இருக்கலாம். சாய்வுமானியோடு மைதானத்தில் நிற்கும் வகுப்பைக் கண்டால், பாடம் நடத்தவில்லையா என்று கேட்பதற்குப் பதில், கொடிக்கம்பம் எத்தனை மீட்டர் வந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஏன் ஒவ்வொரு குழுவுக்கும் வேறு விடை வந்தது என்றும் கேளுங்கள்.